சக்கரங்களை நிற்கவிடாதவர்

எந்திரம் பேசாப் பொருள் என்பது பொதுவான எண்ணம். ஆயினும் முற்றிலும் பழுதுறுவதற்கு முன்னர் அது ஓர் ஒலியாலோ அதிர்வாலோ தன் நிலையைப் பெரும்பாலும் உணர்த்திவிடுகிறது. அந்த அறிகுறியைக் காலத்தே அறிந்து செயற்படுவோரிடத்தில் எந்திரம் நெடுநாள் உழைக்கிறது. தென்தமிழ்நாட்டுச் சாலைகளில் பேருந்துகளை ஒழுங்குடன் ஓட்டிக்காட்டியவரும், உலகப்போரின் பெட்ரோல் பஞ்சத்திலும் அவற்றை நிற்கவிடாதவருமான டி.வி. சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கை இந்த உண்மைக்குச் சான்றாகும்.

மலையடிவாரத்திலிருந்து மதுரைக்கு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் ஊர்கள் பல அமைந்துள்ளன. வத்திராயிருப்பை அடுத்த கூமாப்பட்டி, அதன் தெற்கே திருவில்லிபுத்தூர், இராசபாளையம், தென்காசி என அவ்வரிசை நீள்கிறது. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளால் வயலும் தோப்பும் செழித்த இவ்வூர்களுக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளியுலகத் தொடர்பு மாட்டுவண்டியாகவே இருந்தது. விளைந்த நெல்லும் பருத்தியும் சந்தைக்குச் செல்ல வேண்டுமாயினும், நோயுற்றவர் நகர மருத்துவமனையை அடைய வேண்டுமாயினும் காளைகளின் நடையே பயணத்தின் வேகம். பயணத்தொலைவு கல்கணக்கில் அளக்கப்பட்டதைவிடப் பொழுதுகணக்கில் அளக்கப்பட்டதே மிகுதி.

அதே மலைத்தொடரின் தென்கோடியில், நெல்லைச் சீமையில் உள்ள வைணவத் திருப்பதி திருக்குறுங்குடி. அவ்வூரில் 1877ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் சுந்தரம் ஐயங்கார் பிறந்தார். தந்தையாரின் விருப்பப்படி முதலில் வழக்கறிஞர் தொழிலில் ஈடுபட்டார். பின்னர் இருப்புப்பாதைத் துறையிலும் அதன்பின் வங்கியிலும் பணியாற்றினார். மாதந்தோறும் உறுதியான ஊதியம் தரும் பணியைக் குடும்பங்கள் பெரும்பேறாகக் கருதிய காலம் அது. அப்பணியைத் துறந்து, அந்நாளில் பெரும்பாலோர் கண்டிராத மோட்டார் வண்டியை நம்பி அவர் புதிய தொழிலில் இறங்கினார்.

1911ஆம் ஆண்டு மதுரையில் அவருடைய நிறுவனம் பிறந்தது. தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஓடிய பேருந்து அவருடைய தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று. அப்போது அவருக்கு அகவை முப்பத்து நான்கை ஒட்டியிருந்தது. நாளடைவில் சதர்ன் ரோடுவேஸ் என்ற பெயரில் பேருந்துகளும் சரக்குந்துகளும் அணிவகுத்தன. டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்து தென்மாவட்டங்களில் பேருந்துக்கு மறுபெயராகவே வழங்கலாயிற்று.

எந்திரத்தின் மொழி

அந்நாளைய மோட்டார் வண்டியை ஓட்டுவது எளிதன்று. பெட்ரோலும் காற்றும் கலந்த எரிகலவை எந்திரத்தின் உருளைக்குள் நுழைகிறது. பிஸ்டன் அதனை நெருக்கி அழுத்துகிறது. உரிய நொடியில் மின்பொறி எழ, அங்கிருந்து தீ சீராகப் பரவிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இவ்வாறு நடந்தால் எந்திரம் இசைவாக இயங்கும். சிலவேளைகளில் தீ பரவி வந்து சேர்வதற்கு முன்பே, உருளையின் மூலையில் எஞ்சியுள்ள கலவை மிகுந்த அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்து எரிந்துவிடும். அதனால் எழும் அழுத்த அலை உருளையின் சுவரில் மோதும். சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற ஒலி வெளியே கேட்கும். பணிமனைகளில் இதனை நாக்கிங் என்பர். தமிழில் தட்டொலி எனலாம்.

தட்டொலி வெறும் ஓசையன்று. அது தொடர்ந்தால் பிஸ்டனின் தலை அரிக்கப்படும், வளையங்கள் முறியும், தாங்கிகள் நைந்துபோகும். பாரம் மிகுந்த வண்டி ஏற்றத்தில் ஏறும்போதும், எந்திரம் சூடேறியிருக்கும்போதும், எரிபொருள் தரம் குன்றியிருக்கும்போதும் இது மிகுதியாகத் தோன்றும். சூப்பர்சார்ஜர் என்னும் கருவியால் காற்றை வலிந்து உட்செலுத்தும் எந்திரங்களில் ஆற்றல் பெருகுவதைப் போலவே தட்டொலிக்கான வாய்ப்பும் பெருகும். எனவே, ஆற்றலைக் கூட்ட விரும்புவோர் அனைவருக்கும் இதுவே தடைச்சுவராக நின்றது. இங்கிலாந்துப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ, அழுத்த அளவை மாற்றி மாற்றிச் சோதிக்கவல்ல எந்திரம் ஒன்றை அமைத்து, எந்த எரிபொருள் எவ்வளவு அழுத்தம் வரை தட்டாமல் தாங்கும் என்பதை ஆராய்ந்தார். பிற்காலத்தில் எரிபொருளின் இப்பண்பை அளவிட ஆக்டேன் எண் என்னும் அளவுகோல் வழக்கிற்கு வந்தது.

தென்னாட்டுச் சாலையில் வண்டி ஓட்டியவருக்கு இவ்வாய்வுக்கூட வசதிகள் இல்லை. அக்கால வண்டிகள் பலவற்றில் கைச்சக்கரத்தின் அருகே சிறு நெம்புகோல் ஒன்று இருந்தது. மின்பொறி எழும் நேரத்தை அதனால் முன்னும் பின்னுமாக மாற்றலாம். ஏற்றத்தில் தட்டொலி கேட்டவுடன் ஓட்டுநர் நெம்புகோலை நகர்த்திப் பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துவார், ஓசை அடங்கும். எந்திரத்தின் ஆயுள் ஓட்டுநரின் செவியையும் கையையும் சார்ந்திருந்தது. கேளாச் செவியோடு ஓட்டுபவரின் வண்டி வழியிலேயே நின்றுவிடும்.

ஆணியும் காந்தமும்

வழியில் நின்றுபோகும் வண்டியால் பயணியின் நம்பிக்கை குலையும் என்பதைச் சுந்தரம் ஐயங்கார் உணர்ந்திருந்தார். மாட்டுவண்டி மெதுவாகச் சென்றாலும் சென்று சேரும் என்ற உறுதி மக்களுக்கு இருந்தது. அவ்வுறுதியைப் பேருந்தும் தராவிடில் அதன் வேகத்தால் பயனில்லை. ஆகவே, பழுதுபார்ப்பதை விடப் பழுது வராமல் காப்பதே அவருடைய நிறுவனத்தின் நெறியாயிற்று.

இதற்கு எடுத்துக்காட்டாக மதுரை வட்டாரத்தில் இன்றளவும் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. அந்நாளில் சாலையெங்கும் காளைகளின் இலாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் கிடந்தன. அவை பேருந்துகளின் சக்கரங்களைத் துளைத்தன. சக்கரம் பஞ்சரான பின் ஒட்டுப்போடுவதற்கு ஆள் வைப்பதே எவருக்கும் தோன்றும் வழி. அவரோ காந்தம் பொருத்திய வண்டி ஒன்றைச் சாலையில் முன்னதாக அனுப்பி ஆணிகளை அகற்றச் செய்தார் என்பர். பேருந்து கடந்து செல்வதைக் கொண்டு ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டனர் என்னும் பேச்சும் அவ்வட்டாரத்தில் வழங்குகிறது. ஒரு நிறுவனத்தைப் பற்றி மக்கள் இத்தகைய செய்திகளைத் தலைமுறை கடந்து பேசுவது, அது ஈட்டிய நம்பிக்கைக்குச் சான்றாகும்.

தேய்ந்த டயர்களைக் கழித்துவிடாமல் புதிய இரப்பர்ப் பரப்பு இட்டு மீண்டும் ஓடச்செய்யும் தொழிற்சாலையையும் அவர் நிறுவினார். சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் ஆகிய நிறுவனங்களும் தோன்றின. வண்டியை விற்பதோடு அமையாமல், விற்ற வண்டி ஓடிக்கொண்டிருப்பதற்கான உதிரிப்பொருள்களையும் பணியையும் அளிப்பது இந்நிறுவனங்களின் போக்காக அமைந்தது.

பெட்ரோல் பஞ்சம்

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூண்டபோது சுந்தரம் ஐயங்கார் அறுபத்திரண்டு அகவையர். பலர் ஓய்வை நாடும் அப்பருவத்தில் அவருடைய வாழ்நாள் உழைப்பு பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. பெட்ரோல் போர்முனைக்குத் திருப்பப்பட்டது. மிகையழுத்தம் ஊட்டப்பட்ட வானூர்தி எந்திரங்கள் தட்டாமல் இயங்க உயர்தர எரிபொருளே வேண்டும் என்பதால் அதனை வான்படைகள் எடுத்துக்கொண்டன. இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942ஆம் ஆண்டு சப்பானியர் பருமாவைக் கைப்பற்ற, அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது.

எரிபொருள் இல்லையேல் பேருந்து இல்லை. பேருந்து நின்றால் பாதிக்கப்படுவது நிறுவனம் மட்டுமன்று. முப்பது ஆண்டுகளாகப் பேருந்தை நம்பிப் பழகிவிட்ட ஊர்கள் பல. அங்கெல்லாம் மருத்துவம், கல்வி, வணிகம் யாவும் தடைபடும். ஓட்டுநர், நடத்துநர், பணிமனைத் தொழிலாளர் ஆகியோர் குடும்பங்கள் வருவாய் இழக்கும். வண்டிகளை மூடிவைத்துப் போர் முடியும்வரை காத்திருப்பது ஒரு வழி. வேறோர் எரிபொருளைத் தேடுவது மற்றொரு வழி. சுந்தரம் ஐயங்கார் இரண்டாம் வழியைத் தேர்ந்தார்.

கரிவாயுக்கலன்

அவர் வடிவமைத்து உருவாக்கியது டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என வழங்கிய கரிவாயுக்கலன். மரக்கரியிலிருந்து வாயு எடுத்து வண்டி ஓட்டும் முறை ஐரோப்பாவிலும் அக்காலத்தில் பரவியது. சுவீடன் நாட்டில் மட்டும் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் அவ்வாறு ஓடின.

இம்முறையின் அடிப்படை எளியது. வண்டியோடு இணைந்த இரும்புக்கலனில் மரக்கரி நிரப்பப்படும். குறைந்த அளவு காற்றைச் செலுத்தி அதனைக் கனலச் செய்வர். அப்போது உண்டாகும் கரியமிலவாயு, செந்தணலின் ஊடே செல்கையில் கார்பன் மோனாக்சைடு என்னும் எரியும் வாயுவாக மாறும். அதனைக் குளிர்வித்து, வடிகட்டி, காற்றோடு கலந்து எந்திரத்திற்கு அனுப்புவர். விடியற்காலையில் ஊதுகருவியைச் சுழற்றித் தணலை மூட்டிய பின்னரே வண்டி புறப்படும்.

கரிவாயுவுக்குச் சிறப்பு ஒன்றும் குறைகள் சிலவும் உண்டு. அது எளிதில் தானே தீப்பற்றுவதில்லை. ஆதலால் தரங்குன்றிய பெட்ரோலைப் போல எந்திரத்தைத் தட்டச் செய்வதில்லை. மிகுந்த அழுத்தத்தையும் அது தாங்கும். ஆயின், அதில் பாதிக்கும் மேற்பட்டது எரியாத நைட்ரசன். எனவே, பெட்ரோலில் கிடைத்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்துவிடும். சமதரையில் ஓடும் வண்டி ஏற்றத்தில் திணறும். தீ மெதுவாகப் பரவுவதால் மின்பொறியை முன்கூட்டியே எழச்செய்ய வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய குறை தூசியும் சாம்பலும். வடிகட்டியைத் தப்பி வரும் நுண்துகள் உருளைச் சுவரை மணல்தாள் போலத் தேய்க்கும். கரி நன்கு எரிந்து பக்குவப்படாததாயின் அதிலிருந்து வரும் தார், வால்வுகளில் ஒட்டி அவற்றை இயங்கவிடாது. கார்பன் மோனாக்சைடோ நிறமும் மணமும் இல்லாத நச்சு. மூடிய கொட்டகையில் கலனில் கசிவு ஏற்பட்டால் உயிருக்கே கேடு. தட்டொலி தன் வரவைச் செவிக்கு அறிவித்துவிடும். தூசியும் நச்சுவாயுவும் ஓசையின்றி வரும். கரிவண்டியைக் காப்பதற்குக் கூர்ந்த செவியோடு அன்றாட ஒழுங்கும் வேண்டியிருந்தது. வடிகட்டியைத் துப்புரவாக்குவது, சாம்பலை அகற்றுவது, மூடியின் இறுக்கத்தைப் பார்ப்பது, உலர்ந்த கரியையே இடுவது ஆகியவற்றில் ஒரு நாள் சோர்ந்தாலும் பல ஆண்டு உழைக்க வேண்டிய எந்திரம் சில மாதங்களில் வீணாகும்.

பழுது வருமுன் காத்தல் என்பதைப் பல்லாண்டுகளாகப் பயின்ற நிறுவனத்திற்கு இவ்வொழுங்கு புதிதன்று. ஆணியை அகற்றிய அதே நெறி இங்கே தூசியை அகற்றுவதாக மாறியது. மலையடிவாரத்திலும் வயற்காட்டிலும் கிடைத்த விறகே கரியாகிப் பேருந்தை ஓட்டியது. கடல்கடந்து வரவேண்டிய பொருளுக்கு மாற்றாக உள்ளூர்ப் பொருளைக் கொண்டு ஒரு நெருக்கடியைக் கடக்க இயலும் என்பதை அக்கலன்கள் மெய்ப்பித்தன. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரிவாயுக்கலன்கள் மறைந்தன. அவற்றின் பணி முடிந்தது.

இல்லத்திலும் துணிவு

தொழிலில் புதுவழி கண்டவரின் துணிவு இல்லத்திலும் வெளிப்பட்டது. அவருடைய மகள் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்கள் வீட்டின் மூலையில் முடங்கிக் கிடக்க வேண்டுமென்று சமூகம் வற்புறுத்திய காலத்தில், பெற்றோர் அவரைப் படிக்க ஊக்குவித்தனர். தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் பயின்று அவர் மருத்துவரானார். பின்னர் விடுதலைப் போராட்ட வீரர் கோ. இராமச்சந்திரனை மணந்தார். 1947ஆம் ஆண்டு திண்டுக்கல் அருகே காந்திகிராமம் உருவாக இருவரும் காரணமாயினர். சிற்றூர் மக்களுக்குச் சாலைவழித் தொடர்பைத் தந்தவரின் மகள், அம்மக்களுக்கு மருத்துவமும் கல்வியும் கொண்டு சேர்த்தார்.

விட்டுச்சென்ற நெறி

வணிகத்தை மக்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்ற சுந்தரம் ஐயங்கார், 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் கொடைக்கானல் இல்லத்தில் உறக்கத்திலேயே இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு அகவை எழுபத்தெட்டு. 1970களின் தொடக்கத்தில் பேருந்துகள் நாட்டுடைமையானபோது, அவருடைய நிறுவனத்தின் மதுரை வழித்தடங்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாக உருப்பெற்றன. வழிவந்தோரின் நிறுவனங்கள் வண்டி உறுப்புகளையும் இருசக்கர வண்டிகளையும் உருவாக்கி வளர்ந்தன.

இன்றைய பெட்ரோல் எந்திரத்தின் உடலில் கட்டைவிரல் அளவேயான உணரி ஒன்று பொருத்தப்படுகிறது. அதனுள் இருக்கும் படிகம், தட்டொலியின் நுண்ணதிர்வை மின்குறிப்பாக மாற்றுகிறது. கணினி அக்குறிப்பைப் படித்து, கண்ணிமைக்கும் பொழுதில் மின்பொறியைத் தாமதப்படுத்துகிறது. சூப்பர்சார்ஜர் பூட்டிய ஆற்றல்மிகு வண்டிகள் முறியாமல் உழைப்பது இக்காவலாலேயே. முன்பு ஓட்டுநரின் செவியும் கையும் செய்த வேலையை இன்று உணரியும் கணினியும் செய்கின்றன. கருவி மாறினாலும் நெறி மாறவில்லை. பழுது சிறிதாக இருக்கும்போதே அதன் குரலைக் கேட்க வேண்டும், கேட்டபின் காலந்தாழ்த்தலாகாது. சுந்தரம் ஐயங்காரின் பேருந்துகள் இந்த நெறியால்தான் சாலையில் நில்லாமல் ஓடின.