விண்வெளிக்கு வழி சமைத்த விக்ரம் சாராபாய்

அகமதாபாத் நகரில் பருத்தி ஆலை நடத்திய பெருஞ்செல்வர் அம்பாலால் சாராபாய் – சரளாதேவி இணையருக்கு 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பிறந்தவர் விக்ரம். குஜராத்தின் சுவேதாம்பர சமண வணிகக் குடும்பம் அது. காந்தியடிகள் தம் ஆசிரமத்தில் தீண்டப்படாத குடும்பம் ஒன்றைச் சேர்த்துக்கொண்டபோது, ஊரார் தந்துவந்த உதவி நின்றுபோயிற்று. அந்நாளில் 13,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் பெயரும் சொல்லாமல் போனவர் அம்பாலால். அவருடைய தமக்கை அனசூயா அம்மையாரோ 1918ஆம் ஆண்டு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் தம்பிக்கு எதிரணியில் நின்றவர். ஒரே குடும்பத்தில் முதலாளியும் தொழிற்சங்கத் தலைவியும் இருந்தனர், உறவு முறியவில்லை. இப்படிப்பட்ட இல்லத்தில் வளர்ந்த சிறுவனுக்குக் கருத்து வேற்றுமை பகையாகத் தோன்றாதது வியப்பன்று.

கேம்பிரிட்ஜில் பயின்ற விக்ரம், இரண்டாம் உலகப் போரால் நாடு திரும்பினார். பெங்களூரில் சர் சி. வி. இராமன் மேற்பார்வையில் அண்டக் கதிர்களை ஆராயத் தொடங்கினார். 1942இல் நடனக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். சென்னையில் புகழ்பெற்ற வழக்கறிஞராக விளங்கிய சுவாமிநாதனின் மகள் அவர். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று, 1947இல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தை நிறுவியபோது அவருக்கு வயது 28. நெசவாலை ஆய்வு நிலையம், மேலாண்மைக் கழகம் என அவர் தொடங்கிய நிறுவனங்கள் பல. அவற்றை எல்லாம் இங்கு விரித்தால் ஏடு போதாது.

1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. 1962இல் இந்திய விண்வெளி ஆய்வுக் குழு அமைந்தது, தலைவர் சாராபாய். பூமியின் காந்த நடுக்கோடு தென் கேரளத்தைத் தொட்டுச் செல்கிறது. அதற்கு மேலே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில் வலிய மின்னோட்டம் ஒன்று பாய்கிறது. பலூன் அவ்வுயரத்தை எட்டாது. செயற்கைக்கோளோ அவ்வளவு தாழ்வில் நிலைக்காது. ராக்கெட் ஒன்றே வழி. ஆகவே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவச் சிற்றூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கோ மரிய மகதலேனாள் தேவாலயமும் மீனவர் குடியிருப்புகளும் இருந்தன. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவை நேரில் கண்டு பேசினார். ஆயர் சபையோரிடம் கேட்டார், அவர்கள் இசைந்தனர். தேவாலயம் அலுவலகமாயிற்று. அரசாணை காட்டி மக்களை அகற்றியிருக்கவும் முடியும். அவர் அவ்வழியை நாடவில்லை.

இன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சாலையில் செல்வோர் கார்களும் கைபேசிகளும் அணிவகுத்து வெளிவருவதை வியப்பின்றிக் காண்கின்றனர். 1963இல் நிலைமை வேறு. தும்பாவில் ராக்கெட்டின் பகுதிகள் சைக்கிளில் வைத்துத் தள்ளிச் செல்லப்பட்டன. நவம்பர் 21 அன்று ராக்கெட்டை ஏவுமேடையில் ஏற்றும் வேளையில் பாரந்தூக்கியின் எண்ணெய்க் குழாய் கசிந்தது. இராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் உள்ளிட்ட குழுவினர் கைகளாலேயே அதைத் தூக்கி நிறுத்தினர். அன்று மாலை அமெரிக்கத் தயாரிப்பான நைக்-அப்பாச்சி சோடிய ஆவியை வானில் உமிழ்ந்தது. நான்கு ஆண்டுகளில், 1967 நவம்பர் 20 அன்று, 75 மில்லிமீட்டர் விட்டமே உடைய ரோகிணி ராக்கெட் பறந்தது. அது இந்நாட்டில் செய்யப்பட்டது.

சோதனை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1966 சனவரியில் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தார். அணுசக்தி ஆணையத்தின் தலைமை சாராபாய் மீது விழுந்தது. சீனா 1964இல் அணுகுண்டு வெடித்திருந்தது. இந்தியாவும் செய்ய வேண்டும் என்ற குரல் நாடாளுமன்றத்திலும் அணுசக்தித் துறைக்குள்ளும் ஓங்கியது. சாராபாய் அதற்கு உடன்படவில்லை. ஏழை நாடு சுமக்க வேண்டிய செலவையும், ஆயுதம் தருவதாகக் கருதப்படும் பாதுகாப்பின் வெறுமையையும் எடுத்துரைத்தார். அவருடைய நிலைப்பாட்டுக்கெல்லாம் சமயக் காரணம் கற்பிப்பது மிகையாகும். எனினும் அந்தப் பதவியில் இருந்துகொண்டு அதை மறுப்பதற்குத் தனித் துணிவு வேண்டும். அணு உலையை அவர் வெறுக்கவில்லை. கல்பாக்கத்தில் உலை ஆய்வு மையம் 1971இல் தொடங்கியது அவர் காலத்தில்தான்.

1969 ஆகஸ்டு 15இல் இஸ்ரோ பிறந்தது. அதே ஆண்டு நாசாவுடன் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பயனாக 1975–76இல், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி ஒளிர்ந்தது. உழவும் உடல்நலமும் கல்வியும் அதில் பேசப்பட்டன. நிலவுக்கு ஆள் அனுப்பும் போட்டியில் சாராபாய்க்கு நாட்டமில்லை. வானிலை, தகவல் தொடர்பு, நில வளம் இவையே அவர் இலக்கு.

அந்தத் தொலைக்காட்சியைக் காண அவர் இல்லை. 1971 டிசம்பர் 30 அன்று கோவளம் கடற்கரை விடுதியில் உறக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வயது 52. இரண்டு பெருந்துறைகளின் சுமையை ஒருவரே தாங்கியதன் விலையோ என்று எண்ணத் தோன்றுகிறது.

அவர் திட்டமிட்ட எஸ்.எல்.வி.-3 ஏவூர்தி 1979 ஆகஸ்டு 10இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. வால்வு ஒன்றின் பழுதால் கட்டுப்பாடிழந்து வங்கக் கடலில் வீழ்ந்தது. மறு ஆண்டு சூலை 18இல் அதே வகை ஏவூர்தி ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அவர் பிறந்த நூற்றாண்டான 2019இல், அவர் பெயர் தாங்கிய விக்ரம் கலம் நிலவில் மோதி நொறுங்கியது. 2023 ஆகஸ்டு 23 அன்று அதே பெயருடைய இரண்டாம் கலம் நிலவின் தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் மெல்ல இறங்கி நின்றது. அப்பணியின் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். நம் மேல்சித்தாமூர் மடம் இருக்கும் அதே மாவட்டம்.