நைலானைத் தந்த கரோதர்ஸ்

பல் துலக்கும் பிரஷ்ஷில் ஆரம்பித்து கார் எஞ்சின் பக்கத்தில் கொதிக்கிற சூட்டைத் தாங்கும் பாகங்கள் வரை இன்றைக்கு நைலான் இல்லாத இடமில்லை. அதைக் கொடுத்த மனிதரைப் பற்றி நம் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாலஸ் ஹியூம் கரோதர்ஸ் 1896 ஏப்ரல் 27-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தார். அப்பா வணிகக் கல்லூரி ஆசிரியர். பையனும் முதலில் கணக்குப்பதிவுதான் படித்தார். பிறகு மிசௌரியில் டார்கியோ என்ற சின்னக் கல்லூரியில் சேர்ந்து, வேலை செய்துகொண்டே படித்தார். வேதியியல் பேராசிரியர் வேறிடம் போய்விட, போர்க்காலத்தில் மாற்று ஆள் கிடைக்கவில்லை. மாணவராக இருந்த கரோதர்ஸையே பாடம் நடத்தச் சொல்லிவிட்டார்கள்!

இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரோஜர் ஆடம்ஸிடம் 1924-ல் டாக்டர் பட்டம். 1926-ல் ஹார்வர்டில் ஆசிரியர் வேலை. டூபாண்ட் கம்பெனி கூப்பிட்டபோது முதலில் மறுத்தார். மனச்சோர்வு அடிக்கடி வந்து தன்னை முடக்கிவிடும், அங்கே அது பெரிய இடைஞ்சலாகும் என்று ஒளிக்காமல் எழுதினார். கம்பெனி விடவில்லை. 1928-ல் வில்மிங்டன் ஆய்வகத்தில் சேர்ந்தார்.

1930 ஏப்ரலில் அவர் குழுவில் இரண்டு அதிசயங்கள். ஒன்று, நியோப்ரீன் செயற்கை ரப்பர். மற்றொன்று, ஜூலியன் ஹில் உருகிய பாலியெஸ்டரிலிருந்து இழுத்த நூல். ஆறின பிறகும் இழுத்தால் பல மடங்கு நீண்டு, பட்டு மாதிரி மின்னி, உறுதியானது. ஏன்? உருகிய நிலையில் மூலக்கூறுச் சங்கிலிகள் இடியாப்பம் மாதிரி சிக்கிக் கிடக்கும். ஆறும்போது சில பகுதிகள் மடிந்து ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும், அதுதான் படிகம். இழுத்தால் சங்கிலிகள் நூலின் திசையிலேயே வரிசைப்படும்.

ஆனால் அந்த நூல் வெந்நீரிலேயே இளகிப் போனது. துணிக்கு ஆகாதே! சில வருஷம் வேலை ஒதுங்கிக் கிடந்தது. 1934-ல் எஸ்டரை விட்டு அமைடைப் பிடித்தார்கள். அமைடு தொகுதிகள் பக்கத்துச் சங்கிலியோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்ளும். படிகத்தை உருக்குவது கஷ்டம். 1935 பிப்ரவரி 28-ல் உருவான நைலான் 6,6 சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை உருகவில்லை!

இதில் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு பாடம் இருக்குங்க. நைலானை ஜில்லென்ற அச்சில் வார்த்தால், சங்கிலிகள் அடுக்கிக்கொள்வதற்குள் மேல்தோல் உறைந்துவிடும். பிற்பாடு சூட்டில் வேலை செய்யும்போது படிகம் வளர்ந்து, பாகம் சுருங்கிக் கோணிக்கொள்ளும். அதனால்தான் அச்சையே சுமார் 80 டிகிரி சூட்டில் வைக்கிறார்கள். நிதானமாக ஆறினால்தான் அளவு நிலைக்கும்.

1936-ல் திருமணம். அதே வருஷம் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக உறுப்பினர்; தொழிற்சாலை ஆய்வகத்திலிருந்து அந்தப் பெருமை பெற்ற முதல் கரிம வேதியியலார் அவரே. ஆனாலும் தான் ஒன்றும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் அரித்தது. மருத்துவமனைச் சிகிச்சையும் நடந்தது. 1937 ஜனவரியில் அன்புத் தங்கை இஸபெல் இறந்தது பேரிடி. ஏப்ரல் 29-ல், 41 வயது முடிந்த இரண்டாம் நாள், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். மகள் பிறந்தது அந்த நவம்பரில்.

1938 அக்டோபரில் நைலான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1940 மே 15-ல் நைலான் காலுறைக்குக் கடைவாசலில் கூட்டம் அலைமோதியது. பார்க்க அவர் இல்லை.

தம்பி தங்கைகளே, மனச்சோர்வு என்பது கோழைத்தனம் அல்ல, திறமைக்குறைவும் அல்ல. அது ஒரு நோய். கரோதர்ஸ் காலத்தில் இதற்குச் சரியான மருந்து கிடையாது. இன்றைக்கு இருக்கு. மனசு பாரமானால் நண்பனிடமோ ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். பழைய மாணவர்களாகிய நாமும் விடுதி அறை நண்பனுக்கு இன்றைக்கே ஒரு போன் போட்டு, எப்படி இருக்கேன்னு கேட்போமே!