இரணை கண்ட லூயிஸ்

கிளிநொச்சியில் இரசாயனவியல் பயிலும் மாணாக்கன் ஒருவன் அண்மையில் என்னை மடக்கினான். அவன் பாடநூலிலே தனிச்சோடி என்றொரு சொல் உண்டு. தனியாயின் சோடி ஆவது எங்ஙனம் என்பது அவன் வினா. இலக்கணத்தில் விடை கிடையாமையால் அறிவியல் நூல்களைப் புரட்டலானேன். கில்பேட் நியூட்டன் லூயிஸ் என்னும் அறிஞரின் வரலாறு அவ்வழியே எனக்குக் கிட்டியது.

அன்னார் 1875இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பிறந்தவர். இளமையில் வீட்டிலேயே கற்றவர். 1902இல், மாணவர்க்கு விளக்கும்பொருட்டு, அணுவைக் கனசதுரமாக வரைந்து அதன் மூலைகளில் இலத்திரன்களை நிறுத்தினார். அவ்வெண்ணம் பதினான்கு ஆண்டுகள் முதிர்ந்து, பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றிய காலத்தே, 1916இல் கட்டுரையாக வெளிவந்தது. ஈரணுக்கள் இரண்டு இலத்திரன்களைப் பொதுவில் வைத்து ஆளுதலே பிணைப்பு என்றார். அச்சோடியை இரு குற்றுகளாற் காட்டினார்.

ஒத்த மின்னேற்றமுடையன ஒன்றையொன்று தள்ளுமன்றோ? பின் ஏன் கூடுகின்றன? காரணம் துலங்குமுன்னரே லூயிஸ் உண்மையைக் கண்டுவிட்டார். இலத்திரனின் தற்சுழற்சியும் பவுலியின் விதியும் 1925இல் வெளிப்பட்ட பின்னரே, எதிரெதிர்ச் சுழற்சியுடைய இரண்டுக்கு மட்டுமே ஓர் ஒபிற்றலில் இடமுண்டு என்பது தெளிந்தது.

அமோனியாவிலே நைதரசன் மூன்று சோடிகளை ஐதரசனோடு பங்கிட்டு, ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதுவே தனிச்சோடி. தனிமை என்றது பங்காளி இன்மையை, இலத்திரன்கள் இரண்டே. இரணைமடு, இரணைப்பாலை, இரணைதீவு என நாளும் வழங்கும் வன்னி மக்களாகிய நாம் இதனை இரணை என்றே சொல்லியிருக்கலாம் என்பது என் ஆசை.

சொல்லாலேயே லூயிஸுக்கு ஒரு மனக்குறையும் நேர்ந்தது. நாம் பங்கீட்டுவலு என்பதற்கு ஆங்கிலப் பெயரை 1919இல் சூட்டியவர் லாங்மியூர். அவர் நாவன்மை மிக்கவர். மேடைதோறும் பேசிக் கொள்கையைப் பரப்பினார். கொள்கை இருவர் பெயராலும் வழங்கலாயிற்று. லூயிஸ் அதனை விரும்பவில்லை. சொல்லையே தொழிலாக உடைய யானும் இவ்வழக்கில் பொருள் கண்டவர் பக்கமே நிற்பேன். வேறோர் ஆய்வுக்காக லாங்மியூர் 1932இல் நோபெல் பரிசு பெற்றார். லூயிஸின் மாணாக்கர் யூரே 1934இல் பெற்றார். பன்முறை முன்மொழியப்பட்டும் லூயிஸ் பெற்றிலர். ஒளித்துணுக்குக்குப் போட்டன் என்னும் பெயரை 1926இல் வழங்கியவர் அவரே. அப்பெயர் நிலைத்தது, அதனோடு அவர் சொன்ன கருத்து நிலைக்கவில்லை!

1946 மார்ச் 23ஆம் நாள், எழுபதாம் வயதில், தம் ஆய்வுகூடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.