உடலுக்கு இசைந்த வண்டி

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதிகளில் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் மிதிவண்டியில் செல்வோர், தம் உயரத்திற்கு ஏற்ப இருக்கையையும் கைப்பிடியையும் ஏற்றியோ இறக்கியோ அமைத்துக்கொள்கின்றனர். இவ்வமைப்புடைய வண்டியை உலகெங்கும் பரவச் செய்தவர் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர்.

இங்கிலாந்தில் 1854ஆம் ஆண்டு ஒரு தோட்டக்காரரின் மகனாகப் பிறந்த ஸ்டார்லி, 1872இல் கவென்ட்ரி நகரை அடைந்து, தம் தந்தையின் உடன்பிறந்தவரான ஜேம்ஸ் ஸ்டார்லியிடம் தொழில் பயின்றார். அக்காலத்து மிதிவண்டியின் முன்சக்கரம் ஏறத்தாழ ஐந்தடி உயரமுடையது. வழியில் சிறு கல் தடுக்கினும், அதன்மேல் அமர்ந்தவர் தலைகுப்புற வீழ்வர். ஆதலின் துணிவுமிக்க இளைஞரன்றிப் பிறர் அதனை அணுக அஞ்சினர்.

வண்டிக்கேற்ற மனிதரைத் தேடுதல் தகாது, மனிதருக்கேற்ற வண்டியைச் செய்தலே முறை என ஸ்டார்லி துணிந்தார். 1885இல் அவர் உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியின் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவின. சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றியது. இருக்கை மிதிகட்டைகளுக்கும், கைப்பிடி இருக்கைக்கும் பொருந்த நிற்றல் வேண்டும். அவ்விரண்டும் அவரவர் உடலுக்கேற்ப மாற்றத்தக்கனவாதல் வேண்டும். அப்போதே குறைந்த களைப்பில் மிகுந்த விசையுடன் மிதிக்க இயலும் என்பன அவர் கொண்ட நெறிகள். அதன் பயனாக மகளிரும் முதியோரும் அச்சமின்றி மிதிவண்டி ஏறினர்.

ஸ்டார்லி 1901இல் மறைந்தார். எளியோருக்கும் பயன்படுவதே சிறந்த பொறி என்பதனை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.