பாதையைப் பொதுவாக்கிய பாண்டியனார்

ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரிலிருந்து சாமையும் புளியும் தேனும் மூட்டை கட்டிக்கொண்டு போளூர்க் கடைவீதிக்கு இறங்குகிறார் மலைவாழ் உழைப்பாளி ஒருவர். பேருந்தில் ஏறுகிறார், இடம் இருந்தால் உட்காருகிறார். எழுந்து நில் என்று அதட்டும் உரிமை எவனுக்கும் இல்லை. இதில் என்ன அதிசயம் என்று இளந்தோழர்கள் கேட்கக்கூடும். நூறாண்டுக்கு முன்னர் இது அதிசயந்தான்! அந்த அதிசயத்தை அன்றாட வழக்கமாக்கப் பாடுபட்ட ஒருவரைத்தான் இன்று நாம் நினைவுகூர்கிறோம்.

அவர் பெயரைச் சென்னையில் அறியாதார் இல்லை. அவரை அறிந்தாரோ மிகச் சிலர். தியாகராய நகரின் பாண்டி பஜாரில் துணி எடுக்காத குடும்பம் எத்தனை? ஆனால் அந்தப் பாண்டி யார்? அவர்தான் ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார். அங்காடியின் முழுப்பெயரே சௌந்தரபாண்டியனார் அங்காடி.

1893 செப்டம்பர் 15இல், இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள பட்டிவீரன்பட்டியில், செல்வக் குடும்பத்தில் பிறந்தார். செல்வம் இருந்தது, சமத்துவம் இருந்ததா? இல்லை. கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்ததற்காக நடந்த வழக்கு, கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று. 1908இல் அங்கும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. அப்போது பாண்டியனார் பள்ளிப் பருவத்துச் சிறுவர். காசு இருந்தாலும் கதவு திறக்காது என்பதைக் கண்ணெதிரே கண்ட தலைமுறை அது.

அடிபட்டவன் அடுத்தவனை அடிப்பது உலகில் புதிதல்ல. தன் சாதி ஏறினால் போதும், ஏணியை எடுத்துவிடலாம் என்று எண்ணுவோரும் உண்டு. பாண்டியனார் அந்த வழியில் போகவில்லை. நீதிக்கட்சியில் நின்று சட்டசபையில் பணியாற்றினார். பெரியாரின் தோழராய்ச் சுயமரியாதை இயக்கத்தில் சேர்ந்தார். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. பெயரின் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை அறுத்தெறியச் சொன்ன மாநாடு அது.

1920களின் கடைசியில் இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவரானார். ஆம் தோழர்களே, எந்த ஜில்லாவில் கமுதி இருந்ததோ அதே ஜில்லாவின் தலைமை! அந்நாளில் பஸ் முதலாளிகள் ஆதிதிராவிட மக்களை வண்டியில் ஏற்ற மறுத்தனர். சாலை பொதுப்பணத்தில் போட்டது. அதில் ஓடும் வண்டியோ சாதிக்குச் சொந்தம். பாண்டியனார் வாதாடிக்கொண்டு இருக்கவில்லை. பயணியை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்ஸ் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். பேச்சுக்கு மசியாத முதலாளி, லைசென்ஸ் என்றதும் வழிக்கு வந்தான்!

1953 பிப்ரவரி 22இல் அவர் மறைந்தார். அவர் பெயர் தாங்கிய கடைவீதி 2019 நவம்பரில் புதுக்கோலம் பூண்டது. அகலமான நடைபாதை அமைந்தது. உட்கார இருக்கைகள் வந்தன. மோட்டாருக்கு அஞ்சி ஒதுங்காமல் மக்கள் காலாற நடக்க வழி பிறந்தது. நாம் மனமார வரவேற்கிறோம். மகிழுந்து இல்லாதவனுக்கு நடைபாதைதானே இராஜபாட்டை!

ஆனால் பாண்டியனாரின் அளவுகோலையும் கையில் எடுப்போம். பாதை எவ்வளவு பளபளப்பு என்பதல்ல, அதில் எவருக்கு இடம் என்பதே அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அந்த வீதியோரம் கடை விரித்துப் பிழைத்தவர்கள் 2013இல் மாநகராட்சி கட்டிய வளாகத்துக்கு மாற்றப்பட்டனர். நடப்பவனுக்கு வழி வேண்டும். விற்பவனுக்கு வயிறு இருக்கிறது. இரண்டு பேருமே ஏழைகள். இருவரையும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது நீதியாகாது. பூக்காரியும் சுண்டல்காரரும் இல்லாத வீதியில் கல் இருக்கும், களை இருக்காது.

இதற்குச் சட்டமும் உண்டு. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 இடங்களுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்கவேண்டும் என்கிறது. எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் நடை என்று உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வழி செய்கிறது.

பாண்டி பஜாருக்குக் கிடைத்தது போளூருக்கும் திருப்பத்தூருக்கும் கிடைக்கவேண்டாமா? நகரமன்றங்களில் அமர்ந்துள்ள நம் தோழர்கள் கேட்கட்டும்: நடக்கப் பாதை எங்கே? நிற்க நிழல் எங்கே? குடிக்கத் தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பிடம் எங்கே? மலையிலிருந்து வந்த மூட்டையை இறக்கி வைத்து விற்க நாலடி இடம் எங்கே?

பேருந்தில் இடம் வாங்கித் தந்தார் பாண்டியனார். பேருந்தை விட்டு இறங்கிய பின் கால் வைக்க இடம் வாங்கித் தருவது நம் பொறுப்பு.