கடைத்தெருவுக்கு வழி கேட்டவர்

நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி நடக்கும் ஒன்று. இஷாத் தொழுகை முடிந்து, சாப்பாடும் ஆனபின், படித்து முடித்த பிள்ளை அத்தாவின் முன் வந்து உட்கார்கிறான். மகளாகவும் இருக்கலாம். மனத்தில் ஒரு தொழில் யோசனை. கைத்தொலைபேசிச் செயலி, வீட்டுச் சமையலை அலுவலகங்களுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு, இணையத்தில் துணி வியாபாரம் என எதுவானாலும் பேச்சு கடைசியில் முதலில் வந்து நிற்கும். அத்தாவின் சேமநிதிப் பணம், அம்மாவின் நகை, ஊரில் உள்ள வீட்டுப் பங்கு. கொடுத்தால் போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். மறுத்தால் பிள்ளையின் மனம் உடையுமே என்ற கவலை மறுபக்கம். இந்த யோசனை தேறுமா, தேறாதா என்று எப்படிக் கண்டுகொள்வது?

இந்தக் கேள்வியோடு நாம் படிக்க வேண்டிய வாழ்க்கை ஒன்று உண்டு. சுவர்க்கம் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துத் தோழர்களில் ஒருவரான ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வாழ்க்கை அது. பெரும் செல்வந்தர், வாரி வழங்கிய வள்ளல் என்று மத்ரஸா நாளிலிருந்தே அவரைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் எப்படித் தொடங்கினார் என்பதை இங்கே சற்று நின்று பார்ப்போம்.

அவர் மக்கத்துக் குரைஷியரில் பனூ ஸுஹ்ரா குடும்பத்தவர். நபி (ஸல்) அவர்களின் தாயார் பிறந்த குடும்பமும் அதுவே. அறியாமைக் காலத்தில் அவருக்கு அப்து அம்ர் என்று பெயர். அபூபக்ர் (ரலி) அவர்களின் அழைப்பை ஏற்று, இஸ்லாத்தைத் தழுவிய முதல் சிலரில் ஒருவரானார். நபி அவர்களே அவருக்கு அப்துர் ரஹ்மான் என்று பெயரிட்டார்கள். மக்காவின் கொடுமை தாங்காமல் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்களிலும் அவர் இருந்தார்.

மக்கா விவசாயம் இல்லாத ஊர். குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் போய்வரும் ஒட்டகக் கூட்டங்களே அதன் பிழைப்பு. அந்த வியாபாரத்தில் வளர்ந்தவர் அப்துர் ரஹ்மான். 622ஆம் ஆண்டு மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தபோது, மக்காவில் தேடிய பொருளை விட்டுவிட்டு வந்தார். நாற்பது வயதைக் கடந்த நிலையில், அந்நிய ஊரில், மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை. கப்பலேறி இந்தக் கரைக்கு வந்த நம் பாட்டன்மாருக்கு அந்த நிலை புதிதாக இருந்திருக்காது.

நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர் ஒருவரையும் அன்சாரி ஒருவரையும் சகோதரர்களாகப் பிணைத்து வைத்தார்கள். அப்துர் ரஹ்மானுக்குச் சகோதரராக வாய்த்தவர் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி). அன்சாரிகளில் செல்வம் மிக்கவர். வந்த விருந்தாளியிடம், தம் சொத்தில் சரிபாதியைப் பிரித்துத் தருவதாக மனமாரச் சொன்னார். வட்டி இல்லை, திருப்பித் தரும் தவணை இல்லை, ஒரு நிபந்தனையும் இல்லை. இப்படி முதல் தர ஒருவர் கிடைக்க மாட்டாரா என்று இன்று எத்தனை பிள்ளைகள் ஏங்குகிறார்கள்!

அப்துர் ரஹ்மான் அதை ஏற்கவில்லை. ஸஅதின் பொருளிலும் குடும்பத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும் என்று துஆச் செய்தார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: வியாபாரம் நடக்கும் கடைத்தெரு எங்கே இருக்கிறது? பனூ கைனுகா சந்தைக்கு அவருக்கு வழி காட்டினார்கள். அவர் போனார். திரும்பி வந்தபோது, லாபமாகக் கிடைத்த உலர்ந்த தயிர்க்கட்டியும் நெய்யும் கையில் இருந்தன. அவற்றைத் தாம் தங்கியிருந்த வீட்டாரிடம் கொண்டுவந்து சேர்த்தார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும் போனார். ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது.

இதை எத்தனையோ பயான்களில் கேட்டிருப்போம். அவருடைய ரோஷத்தையும் தன்மானத்தையும் மெச்சுவோம். அதோடு அதில் ஒரு வியாபாரியின் கணக்கும் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அவருக்குத் தெரிந்த தொழில் தொலைதூர வியாபாரம். ஸஅதின் பாதிச் சொத்தை வாங்கியிருந்தால், அன்றே ஒட்டகங்களை ஏற்பாடு செய்து ஷாமுக்குச் சரக்கு அனுப்பியிருக்கலாம். அது போய்ச் சேர்ந்து, விற்று, திரும்பும்வரை அந்த யோசனை தேறியதா என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தவறியிருந்தால் ஸஅதின் பாதி வாழ்நாள் உழைப்பு போயிருக்கும். அவரோ, தமக்கு எது செய்யத் தெரியும் என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, இந்த ஊரில் ஜனங்கள் எதை வாங்குகிறார்கள் என்று பார்க்கப் போனார். தயிர்க்கட்டியும் நெய்யும் எளிய வீட்டிலும் புழங்குபவை, சீக்கிரம் கெட்டுப்போகாதவை. அதில் ஒரு நாள் நஷ்டம் வந்தால் ஒரு நாள் நஷ்டம்தான். லாபமா, நஷ்டமா என்பது அன்றே தெரிந்துவிடும்.

சில காலம் கழித்து அவர் நபி அவர்களின் முன்னிலைக்கு வந்தபோது ஆடையில் நறுமணப் பொருளின் மஞ்சள் அடையாளம் தெரிந்தது. விசாரித்தபோது, அன்சாரிப் பெண் ஒருவரை நிக்காஹ் செய்துகொண்டதாகச் சொன்னார். மஹராகக் கொடுத்தது ஒரு பேரீச்சங்கொட்டை எடைத் தங்கம். ஓர் ஆட்டை அறுத்தாவது வலீமா விருந்து கொடுக்குமாறு நபி அவர்கள் சொன்னார்கள். தயிர்க்கட்டியில் தொடங்கியவர், யாருக்கும் கடன்படாமல், மஹர் கொடுத்துக் குடும்பம் நடத்தும் அளவுக்கு வந்துவிட்டார். யோசனை தேறியது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இனி ஸஅதின் கதையைப் பார்ப்போம். இதைப் பலர் சேர்த்துச் சொல்வதில்லை. ஹிஜ்ரீ 3இல், அதாவது 625ஆம் ஆண்டில், உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ ஷஹீதானார். மதீனாவில் அவர் சகோதரரைக் கண்டு மூன்று ஆண்டுகள்கூட முழுதாக ஆகவில்லை. அவருக்கு இரண்டு பெண்மக்கள் இருந்தார்கள். ஸஅதின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பொருள் இல்லாவிட்டால் இந்தப் பெண்களுக்கு நிக்காஹ் நடக்குமா என்று கேட்டு, அவர்களின் தாய் இரு மக்களையும் அழைத்துக்கொண்டு நபி அவர்களிடம் வந்து முறையிட்டார். அதன்பின் வாரிசுரிமை பற்றிய இறைவசனம் அருளப்பட்டது. மகள்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுமாறு நபி அவர்கள் அந்தச் சகோதரருக்கு உத்தரவிட்டார்கள். திர்மிதீ, அபூதாவூத் நூல்களில் இந்தச் செய்தி இருக்கிறது.

இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மனம் நடுங்குகிறது. அன்று அப்துர் ரஹ்மான் பாதியை வாங்கியிருந்தால், அந்த இரண்டு பெண்பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்தது மீதிப் பாதியிலிருந்து மட்டும்தான். உஹது வரப்போவதை அப்துர் ரஹ்மானோ ஸஅதோ அறிந்திருக்கவில்லை. நமக்கும் நாளை என்னவென்று தெரியாது. நம் பிள்ளை கேட்கும் முதலில் அவன் தங்கையின் கல்யாணச் செலவு இருக்கிறது. அம்மாவின் முதுமைக் காலம் இருக்கிறது. அந்தப் பணம் யாருக்கெல்லாம் உரியது என்று எண்ணிப் பார்க்காமல் யோசனையை மட்டும் எடைபோட முடியாது.

ஸஅத் அவர்கள் கொடுக்க முன்வந்ததில் தவறில்லை. அது ஈமானின் உச்சம். ஆனால் அந்த வீட்டிலிருந்து அப்துர் ரஹ்மானுக்கு உண்மையில் பயன்பட்டது, கடைத்தெருவுக்குக் காட்டிய வழிதான்.

அப்துர் ரஹ்மான் போட்ட கணக்கெல்லாம் பலித்தது என்றும் சொல்ல முடியாது. மக்காவில் விட்டுவந்த பொருளைப் பாதுகாக்க, உமையா இப்னு கலஃப் என்ற குரைஷித் தலைவனோடு எழுத்து மூலம் ஓர் உடன்பாடு செய்திருந்தார். மக்காவில் இவருடையதை அவன் பார்த்துக்கொள்வது, மதீனாவில் அவனுடையதை இவர் பார்த்துக்கொள்வது என்பது ஏற்பாடு. ஹஜ்ரத் பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் வதைத்த அதே உமையாதான். ஹிஜ்ரீ 2இல் பத்ருப் போர் முடிந்த வேளையில், கொடுத்த வாக்குக்காக அவனைக் காப்பாற்ற அப்துர் ரஹ்மான் முயன்றார். பிலால் கண்டுகொண்டார். அன்சாரிகள் சூழ்ந்துகொண்டார்கள். உமையா கொல்லப்பட்டான். அவன்மேல் கவிழ்ந்து மறைத்த அப்துர் ரஹ்மானின் காலிலும் வாள் பட்டது. அந்தத் தழும்பை அவர் பிற்காலத்தில் தம் மக்களுக்குக் காட்டுவதுண்டு. சரக்கையும் சந்தையையும் பார்த்தால் மட்டும் போதாது, யாரோடு ஒப்பந்தம் எழுதுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தத் தழும்பு சாட்சி.

உஹதில் இருபதுக்கும் மேற்பட்ட காயங்கள் பட்டன. அதனால் ஒரு கால் பழுதாகி, நொண்டியே நடந்தார். வியாபாரமோ வளர்ந்தது. ஒரு காலத்தில் வேண்டாம் என்று தள்ளிப்போட்ட ஒட்டகக் கூட்டங்கள், இப்போது அவருடைய சொந்தப் பொருளிலேயே புறப்பட்டுப் போய்வந்தன. தம் நிலம் ஒன்றை உஸ்மான் (ரலி) அவர்களுக்கு 40,000 தீனாருக்கு விற்று, அந்தத் தொகையைத் தம் குடும்பத்தாருக்கும் ஏழைகளுக்கும் நபி அவர்களின் மனைவியருக்கும் பங்கிட்டார் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

கேட்டுத் தெரிந்து முடிவெடுக்கும் பழக்கம் கடைசிவரை அவரிடம் இருந்தது. 644ஆம் ஆண்டில் உமர் (ரலி) அவர்கள் மரணத் தறுவாயில், அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு பேரை நியமித்தார்கள். அவர்களில் ஒருவரான அப்துர் ரஹ்மான், தாம் அந்தப் பதவிக்கு இல்லை என்று விலகிக்கொண்டு, தேர்வுப் பொறுப்பை மட்டும் ஏற்றார். பிறகு சரியாக உறங்காமல் இரவுபகலாக ஜனங்களைக் கண்டு அபிப்பிராயம் கேட்டார். அதன்பிறகே உஸ்மான் அவர்களுக்குப் பைஅத் செய்தார். தமக்கு அதில் ஆதாயம் இருந்தால் தீர்ப்பு கோணிவிடும் என்று அவர் அறிந்திருந்தார். தன் யோசனையைத் தானே எடைபோடும் எவருக்கும் இது பாடம். நம் ஆசையை வெளியே வைத்துவிட்டு, வாங்கப்போகிறவர்களிடம் கேட்க வேண்டும். வீட்டாரும் நண்பர்களும் சொல்லும் மாஷா அல்லாஹ் கணக்கில் சேராது.

ஒருநாள் அவர் நோன்பு வைத்திருந்தார். உணவு கொண்டுவந்து வைத்தார்கள். உஹதில் ஷஹீதான முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் நினைவு வந்தது. முஸ்அபைக் கஃபனிட இருந்தது ஒரே ஒரு துணி. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தம்மைவிடச் சிறந்த அவர் அப்படிப் போக, தமக்கோ உலகம் இவ்வளவு விரித்து வைக்கப்பட்டிருக்கிறதே, நற்கூலியெல்லாம் இங்கேயே கொடுத்து முடிக்கப்பட்டுவிட்டதோ என்று அஞ்சி அழுதார். உணவைத் தொடவில்லை. செல்வம் சேர்ந்த பிறகும் அதைப் பற்றிய பயம் அவரை விட்டுப் போகவில்லை.

ஹிஜ்ரீ 32இல் மதீனாவில் அவர் வஃபாத்தானார். ஜன்னத்துல் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டார். பத்ரில் கலந்துகொண்டு அன்று உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 400 தீனார் கொடுக்க வேண்டும் என்று வஸிய்யத் செய்திருந்தார்.

அடுத்த முறை பிள்ளை யோசனையோடு வந்து உட்காரும்போது, உடனே நகைப்பெட்டியைத் திறக்கவும் வேண்டாம், முகத்தைத் திருப்பவும் வேண்டாம். இதை யார் வாங்குவார், அவரைப் பார்த்துப் பேசினாயா, கையிலுள்ளதைக் கொண்டு ஒரு வாரம் ஓர் ஒட்டுக்கடையளவில் செய்துபார்க்க முடியுமா என்று கேட்போம். தெரிந்த வியாபாரி யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டுபோய் அறிமுகம் செய்துவைப்போம். நாலு காசு லாபத்தோடு அவன் திரும்பி வந்தால், அப்போது முதலைப் பற்றிப் பேசலாம். வெறுங்கையோடு வந்தாலும் குடும்பத்துக்குக் கேடில்லை, அடுத்த யோசனைக்கு அவனுக்கு வயதிருக்கிறது.

நம் மக்களின் தொழிலிலும் குடும்பங்களிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.