அலன் ஆர்னோல்டு கிரிஃபித்

அலன் ஆர்னோல்டு கிரிஃபித் (ஜூன் 13, 1893 - அக்டோபர் 13, 1963) ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளர் ஆவார். கண்ணாடி ஏன் எளிதில் உடைகிறது என்னும் கேள்விக்கு ஆற்றல் கணக்கின் வழியாக விடை கண்டவர். முறிவு இயக்கவியல் என்னும் துறை இவருடைய ஆய்விலிருந்தே தொடங்குகிறது. வானூர்தித் தாரை எந்திரங்களின் வளர்ச்சியிலும் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் பொறியியல் பாடநூல்களில் இவருடைய பெயர் நிலைத்திருப்பது கண்ணாடி ஆய்வினாலேயே.

இளமையும் கல்வியும்

கிரிஃபித் இலண்டனில் பிறந்தார். இவருடைய தந்தை ஜார்ஜ் கிரிஃபித், வான்வழிப் போர்களைக் கற்பனை செய்து எழுதிய அறிவியல் புனைகதைகளால் அக்காலத்தில் பெயர் பெற்ற எழுத்தாளர். 1906 இல் காலமானார். மகன் மான் தீவில் பள்ளிக் கல்வி பெற்று, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் 1914 இல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். 1915 இல் ஃபார்ன்பரோவிலிருந்த அரச வானூர்தித் தொழிற்சாலையில் சேர்ந்தார். இதுவே பின்னர் அரச வானூர்தி ஆய்வு நிறுவனம் எனப் பெயர் மாறியது.

அங்கு ஜி. ஐ. டெய்லருடன் இணைந்து 1917 இல் செய்த ஆய்வு இவருக்கு முதல் புகழைத் தந்தது. முறுக்கப்படும் ஒரு தண்டின் குறுக்குவெட்டு வடிவில் தகட்டில் துளை வெட்டி, அதன்மேல் சோப்புப் படலத்தைப் பரப்பி, படலத்தின் சரிவை அளந்து தண்டிலுள்ள தகைவைக் கணித்தனர். இதனால் உடன் பணியாற்றியோர் இவரைச் சோப்புக் குமிழி கிரிஃபித் என்றே அழைத்தனர்.

கண்ணாடி ஆய்வு

வானூர்திகளின் உலோகப் பாகங்களில் விழும் சிறு கீறல்கள் அவற்றின் வலிமையைக் குறைப்பது அக்காலப் பொறியாளர்களுக்குப் பெரும் சிக்கலாக இருந்தது. நீள்வட்டத் துளையின் முனையில் தகைவு பன்மடங்கு பெருகுகிறது என்பதைச் சார்லஸ் இங்லிஸ் 1913 இல் கணித்துக் காட்டியிருந்தார். ஆனால் இங்லிஸின் கணக்கில் துளையின் வடிவம் மட்டுமே பொருட்டு, அளவு பொருட்டன்று. அதன்படி ஒரே வடிவுடைய சிறிய கீறலும் பெரிய கீறலும் ஒரே அளவு தீங்கானவை. நடைமுறை அனுபவமோ இதற்கு மாறாக இருந்தது.

கிரிஃபித் இந்த முரண்பாட்டை வேறொரு வழியில் அணுகினார். விரிசல் நீளும்போது அதைச் சுற்றியுள்ள பொருள் தளர்ந்து, அதில் தேங்கியிருந்த மீட்சி ஆற்றல் வெளிப்படுகிறது. அதே வேளையில் விரிசலின் இரு பக்கங்களிலும் புதிய மேற்பரப்பை உண்டாக்க ஆற்றல் செலவாகிறது. வரவு செலவை மிஞ்சும் நீளத்தை எட்டிய விரிசல் தானே ஓடத் தொடங்கும். உடைப்பதற்குத் தேவைப்படும் தகைவு, விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது இதன் முடிவு. விரிசல் நான்கு மடங்கு நீண்டால் வலிமை பாதியாகும்.

இதைச் சோதிக்க இவர் கண்ணாடியைத் தேர்ந்தது நல்ல தெரிவு. உலோகம் உடையுமுன் நெகிழ்ந்து உருமாறும். கண்ணாடியோ உடையும் கணம் வரை மீட்சி விதிக்குக் கட்டுப்படும். மேலும், உருகிய கண்ணாடியின் பரப்பு இழுவிசையை அளந்து, அதைக் கொண்டு திண்மக் கண்ணாடியின் மேற்பரப்பு ஆற்றலை மதிப்பிடலாம். கண்ணாடிக் குழாய்களிலும் குமிழ்களிலும் அளவறிந்த விரிசல்களை இட்டு, உள்ளே அழுத்தம் ஏற்றி வெடிக்கச் செய்தார். முடிவுகள் கணக்கோடு ஒத்துப்போயின.

விரிசல் இடப்படாத கண்ணாடியும் கூட, அதன் மூலக்கூற்றுப் பிணைப்புகளைக் கொண்டு கணக்கிட்ட வலிமையில் சிறு பங்கையே காட்டுவது ஏன்? கண்ணுக்குப் புலப்படாத நுண்விரிசல்கள் அதில் முன்பே இருக்க வேண்டும் என்று இவர் கருதினார். அவ்வாறாயின் மெல்லிய இழைகளில் பெரிய விரிசலுக்கு இடமில்லை. ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள கண்ணாடிக் கம்பி சதுர அங்குலத்திற்குச் சுமார் 25,000 பவுண்டில் அறுந்தது. 0.0033 மில்லிமீட்டர் இழையோ சுமார் 4,90,000 பவுண்டு வரை தாங்கியது. அதாவது இருபது மடங்கு. இவ்வாய்வு அரச கழகத்தின் வெளியீட்டில் 1921 இல் வந்தது. (இதே காலத்தில், 1919 இல், கொல்கத்தாவில் ச. வெ. இராமனும் மோதலால் கண்ணாடியில் உண்டாகும் உடைவு வடிவங்கள் பற்றி எழுதியுள்ளார்.)

ஆய்வு தொடரவில்லை. உதவியாளர் ஒருவர் வாயு விளக்கை அணைக்காமல் சென்றதால் ஆய்வுக்கூடத்தில் தீப்பற்றியது என்றும், அதன்பின் கண்ணாடி வேலையை விட்டுவிடுமாறு கிரிஃபித் பணிக்கப்பட்டார் என்றும் சொல்லப்படுவதுண்டு. எவ்வாறாயினும், 1924 இல் எழுதிய ஒரு கட்டுரையோடு இவர் இத்துறையை விட்டு விலகினார்.

தாரை எந்திரங்கள்

1926 இல் எழுதிய அறிக்கையில், அச்சுவழி அமுக்கியின் அலகுகளை வானூர்தி இறக்கையைப் போல் வடிவமைக்க வேண்டும் எனக் காட்டினார். ஆனால் ஃபிராங்க் விட்டில் தமது தாரை எந்திரத் திட்டத்தை முன்வைத்தபோது, கணக்கில் பிழை கண்டு ஊக்கமளிக்காமல் விட்டார். இது இவர் மீது இன்றுவரை சொல்லப்படும் குறை. விட்டிலின் எந்திரம் பொருத்திய வானூர்தி 1941 இல் பறந்தது. இருப்பினும் பிற்காலப் பெரிய எந்திரங்கள் கிரிஃபித் வலியுறுத்திய அச்சுவழி அமைப்பையே பின்பற்றின. 1939 முதல் 1960 வரை ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். 1941 இல் அரச கழக உறுப்பினரானார்.

கோட்பாட்டின் மீள்வருகை

கண்ணாடிக்கு மட்டுமே பொருந்தும் எனக் கருதப்பட்டு இவருடைய கோட்பாடு நெடுங்காலம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1943 ஜனவரியில் அமெரிக்காவின் ஷெனெக்டடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், துறைமுகத்தில் அசையாது நின்றிருந்தபோதே இரண்டாகப் பிளந்தது. இத்தகைய விபத்துகளுக்குப் பின் ஜார்ஜ் இர்வினும் ஒரோவானும் உலோகத்தின் நெகிழ்ச்சிக்குச் செலவாகும் ஆற்றலையும் சேர்த்து இக்கோட்பாட்டை விரிவாக்கினர். 1954 இல் இரண்டு காமெட் பயணியர் வானூர்திகள் நடுவானில் சிதைந்து 56 பேர் இறந்தனர். சாளரத் திறப்பின் மூலையில் தொடங்கிய விரிசலே காரணம் எனக் கண்டறிந்தது, கிரிஃபித் கண்ணாடிக் குமிழ்களை வெடிக்கச் செய்த அதே ஃபார்ன்பரோ நிறுவனம்தான்.

அன்றாட வாழ்வில்

கடைக்காரர் சாளரக் கண்ணாடியில் வைரமுனையால் ஒரு கோடு கீறி, வளைத்து உடைப்பது கிரிஃபித் விரிசலைக் கொண்டேயாகும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கருங்கல் குவாரிகளில் வரிசையாகத் துளையிட்டு ஆப்பு அடித்துப் பாறையைப் பிளக்கும் முறைக்கும் இதுவே அடிப்படை. தொழிலாளர் கணக்கின்றியே அறிந்திருந்த ஒன்று. ஆண்டுக்கணக்கில் தூசும் ஈரமும் பட்ட பழைய சாளரக் கண்ணாடி புதியதை விட வலிமை குன்றியிருப்பதற்கும் மேற்பரப்பு விரிசல்களே காரணம். மகிழுந்துகளின் பக்கவாட்டுக் கண்ணாடியைச் சூடேற்றி விரைந்து குளிர்விக்கும்போது அதன் மேற்பரப்பு அமுக்க நிலையில் உறைகிறது. அந்த அமுக்கத்தை முதலில் வென்றாலன்றி விரிசல் வாய் திறக்க இயலாது.